எழுபது வயதில் மோட்டார் சைக்கிள்: சாவி யார் கையில்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகச் செல்பவர்கள் கெந்திங் செம்பா ஓய்வுத்தலத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்பதைக் கவனித்திருக்கலாம். வந்து இறங்குபவர்கள் எல்லாரும் இளைஞர்கள் என்றே நினைப்போம். தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர்களில் சிலருக்கு நரைத்த தலை தெரியும். ஒரு தே தாரேக் குடித்து, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, மறுபடியும் கிளம்பிவிடுவார்கள்.

"இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அப்பாவோ தாத்தாவோ அறுபதைத் தாண்டிவிட்டால், வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறோம். அக்கறைதான் காரணம். அந்த அக்கறை எந்த நேரத்தில் நியாயம், எந்த நேரத்தில் அவசரம் என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

63 வயதில் படைத்த சாதனை

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. அங்கு வாழ்ந்த பர்ட் மன்றோ 1899இல் பிறந்தவர். 1920இல் அவர் 'இந்தியன் ஸ்கவுட்' என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். 600 சிசி இயந்திரம் கொண்ட அந்த வண்டி அன்று மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்டாது. அதை விற்றுவிட்டுப் புதியது வாங்க அவருக்கு மனம் வரவில்லை. பல பத்தாண்டுகள் தம் கொட்டகையிலேயே அதைக் கழற்றி, செதுக்கி, மாற்றிக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களைக்கூடப் பழைய தகர டப்பாக்களில் உலோகத்தை உருக்கி ஊற்றித் தாமே வார்த்தார்.

1962இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போனவில் உப்புவெளியில் அவர் ஒரு சாதனையைப் படைத்தார். அப்போது அவருக்கு வயது 63. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967இல், 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஓட்டியவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. அவர் வாழ்க்கை 2005இல் திரைப்படமாகவும் வந்தது.

மன்றோவின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே. 1977இல் அவர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். கை கால்கள் முன்போல ஒத்துழைக்கவில்லை என்பதை உணர்ந்தார். வண்டிகள் தம் வட்டாரத்தைவிட்டுப் போய்விடக்கூடாது என்று விரும்பி, உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரிடம் விற்றார். மறு ஆண்டே காலமானார். அறுபதுகளில் வேகச் சாதனை படைத்தவர்தான், உடல் ஒத்துழைக்காதபோது வண்டியைக் கைமாற்றிக் கொடுக்கவும் செய்தார்.

உடல் போடும் கணக்கு

வயது ஏறும்போது உடலில் என்னென்ன மாறுகின்றன? முதலில் கண். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தால், பார்வை தெளியக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரவுச் சவாரி முதியவர்களுக்குச் சிரமமாக இருப்பது இதனால்தான். அடுத்தது கழுத்து. தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினமாகிறது. கைப்பிடியின் வலு குறைகிறது; உடலின் சமநிலையும் குறைகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எதிர்வினை நேரம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டரைக் கடந்துவிடும். பிரேக்கைத் தொட அரை விநாடி தாமதமானால்கூட வண்டி 12.5 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். அது மூன்று மைவி கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். வேகத்தை 60 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே அரை விநாடியில் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 8 மீட்டர்தான். முன்செல்லும் வண்டியோடு இடைவெளியையும் கூட்டிக்கொண்டால், வயது பறித்துக்கொண்ட அரை விநாடியைத் திரும்பப் பெறலாம். அனுபவமுள்ள மூத்த ஓட்டுநர்கள் மெதுவாகச் செல்வதற்குப் பயம்தான் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

சராசரி வயது 81

2007இல் தைவானில் 17 முதியவர்கள் ஸ்கூட்டர்களில் தீவை முழுவதும் சுற்றி வந்தார்கள். அவர்களின் சராசரி வயது 81. இதய நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய் என ஆளுக்கொரு சிக்கல். 13 நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தார்கள். இது பின்னர் ஆவணப்படமாகி 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது.

அவர்கள் தனியாகப் போகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதியோர் நல அறக்கட்டளை ஒன்று அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது. உதவிக்கு ஆட்கள் உடன் சென்றார்கள். வண்டிகளும் பெரிய வேக வண்டிகள் அல்ல. ஆசையைக் கைவிடாமல், அதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டதால் அந்தப் பயணம் நடந்தது.

மூளைக்கும் இதனால் நன்மை உண்டு என்கிறது ஒரு ஜப்பானிய ஆய்வு. தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் குழு, பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டாதிருந்த நடுத்தர வயது ஆண்களை இரண்டு மாதம் அன்றாடம் ஓட்டவைத்தது. ஓட்டியவர்களின் நினைவாற்றல் சார்ந்த தேர்வு முடிவுகள் மேம்பட்டதாக 2009இல் அறிவித்தது. ஆயினும் இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே. மேலும், ஆய்வில் கூட்டாகப் பணியாற்றியது மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் யமஹா நிறுவனம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாம் இப்படிப்பட்ட முடிவுகளை ஆர்வத்தோடு வாசிக்கலாம், அப்படியே நம்பிவிடக்கூடாது.

காப்சாய் போதும்

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருவது காப்சாய்தான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முதலில் வாங்கிய வாகனம் அது. அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் பிள்ளை, கைப்பிடியில் காய்கறிப் பை என்று ஒரு தலைமுறையே அதில் பயணம் செய்தது. 1958இல் ஜப்பானில் அறிமுகமான ஹோண்டா சூப்பர் கப் வகை வண்டிகளே இவற்றுக்கு முன்னோடி. 2017இல் அந்த வகையின் மொத்தத் தயாரிப்பு பத்துக் கோடியைத் தொட்டது.

வயதானவர்களுக்கு இந்த வண்டி பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எடை ஏறத்தாழ 100 கிலோதான். பெரிய வண்டிகள் பலவும் 200 கிலோவைத் தாண்டும். சாய்ந்தால் தூக்குவது கடினம். காப்சாயில் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை என்பதால் இடக்கைக்கு வேலை குறைவு. பெரிய வண்டியிலிருந்து சிறிய வண்டிக்கு மாறுவதைத் தோல்வியாக எண்ணாமல் இருந்தால், இன்னும் பத்து ஆண்டுகள்கூட ஓட்டலாம்.

சாவியைப் பற்றிப் பேசுவது

சிங்கப்பூரில் 65 வயதான ஓட்டுநர்கள் உரிமத்தைத் தொடர மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் நாம் பின்பற்றக்கூடிய நல்ல முறை இது. "அப்பா, இனிமேல் ஓட்டாதீங்க" என்று சொன்னால் அன்றே சண்டை வரும். "அப்பா, இந்த மாதம் கண் டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டால் பேச்சு தொடரும்.

இருட்டிய பிறகு வேண்டாம், மழையில் வேண்டாம், மணிக்கு ஒருமுறை ஓய்வு, கிளம்பும்போது ஒரு தகவல் என்று சில ஒப்பந்தங்களைச் சேர்ந்து செய்துகொள்ளலாம். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பழகிய பாதையில் வழி தவறுவது, வண்டியை நிறுத்தும்போது அடிக்கடி சாய்ந்துவிடுவது, சிறு உரசல்கள் தொடர்ந்து நேர்வது போன்றவை எச்சரிக்கை அறிகுறிகள். அவை தெரிந்தால், தயங்காமல் பேசிவிட வேண்டும். சாலையில் மற்றவர்களின் உயிரும் இருக்கிறது.

அப்படி ஓட்டுவதை நிறுத்தினாலும் ஈடுபாட்டை நிறுத்த வேண்டியதில்லை. வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவரிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பின்னிருக்கையில் அவரை உட்காரவைத்து நாமும் ஓட்டலாம். ஓட்டும் முறையைப் பற்றி வழிநெடுக விமர்சனம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

இருபது வயதில் தொடங்குவது

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1973இல். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் அமைந்ததும் 1970களில்தான். இன்று எழுபதைத் தொட்டிருப்பவர்கள் அப்போது நம் வயதில் இருந்தார்கள். அன்று ஓட்டத் தொடங்கிய பலர் இன்றும் ஓட்டுகிறார்கள். அவர்களோடு தொடங்கிய வேறு பலர் இன்று இல்லை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் இளைஞர்கள் ஏராளம்.

ஆகவே, தாத்தாவின் சாவியைப் பற்றிக் கவலைப்படும் நாம், நம் கையிலிருக்கும் சாவியைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டுவது, தேய்ந்த டயரை மாற்றுவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, தூக்கக் கலக்கத்தில் வண்டியைத் தொடாமல் இருப்பது ஆகிய பழக்கங்கள் எழுபது வயதில் திடீரென்று வந்துவிடா. அந்த வயதிலும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், இப்போதே அவற்றைப் பழகிக்கொள்வோம்.