கலெக்டர் உத்தரவு போடலாம், தண்ணீரைச் சோதிப்பது யார்?



கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைக்கிறோம். கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குடிதண்ணீர் கெட்டிருக்கிறதா, எதனால் கெட்டது என்று சொல்ல அதற்கென்று படித்தவர் வேண்டும். அதற்காகத்தான் அரசு மருத்துவர்களையும் பொறியாளர்களையும் வேலையில் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் நோய் வராமல் தடுப்பதற்கென்றே பொது சுகாதாரத் துறை தனியாக இருக்கிறது. 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டப்படி, ஒரு கிணற்றுத் தண்ணீரால் தொற்றுநோய் பரவும் என்று தெரிந்தால், அதை யாரும் எடுக்கக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு உண்டு.

ஆனால் தொட்டியைக் கழுவுவதும், உடைந்த பைப்பை மாற்றுவதும் ஊராட்சியின் வேலை. குறையைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், பணம் செலவழிப்பவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே ஃபைல் தூங்கினால் படுத்துக்கொள்வது நம்ம பிள்ளைங்கதான்.

நாம என்ன செய்யலாம்?

* ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால், அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ சொல்லுங்க.
* குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்க்கச் சொல்லுங்க. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.
* வந்த அளவைத் தேதி போட்டுத் தீர்மான நோட்டில் எழுதி, அதோடு ஊராட்சிக்கு மனு கொடுங்க.

"தண்ணி சரியில்ல" என்று சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். அளவைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.