பல்வலியும் தாமதமும்

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் பல் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, நோயின் கடுமையைக் காட்டிலும் மிகுந்த வியாகூலத்தைத் தருவது, அதைச் சுமந்துகொண்டு ஜனங்கள் வந்து சேரும் தாமதமே. அண்மையில் வந்த கொத்தனார் ஒருவர் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் அவரால் திறக்க இயலவில்லை. வலி மாத்திரையைப் பொடித்துக் கடைவாயில் அடக்கி வைத்திருந்தமையால் ஈறு வெந்து வெளுத்திருந்தது. "பல் ஆஸ்பத்திரின்னா ஆயிரக்கணக்குல ஆகுமேன்னு பயந்துட்டேங்க" என்றார். எங்கள் நிலையத்துக்கு இரண்டே நிறுத்தம் தள்ளிக் குடியிருப்பவர் அவர்.

கைவைத்தியமும் கட்டுக்கதையும்

சொத்தைப் பல்லில் புழு இருக்கிறதென்று நம்பிக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லை அரிப்பது புழுவன்று. இனிப்பில் செழிக்கும் கிருமிகள் உண்டாக்கும் அமிலமே. கிராம்புத் தைலம் வலியைச் சற்று நேரம் மரக்கச் செய்யுமேயன்றிச் சொத்தையை நிவர்த்தி செய்யாது. அதிகமாக விட்டால் ஈறும் புண்ணாகும். வலிக்குப் புகையிலையை அடக்குவதோ, புற்றுநோயை வாய்க்குள் அழைப்பதற்குச் சமானம்.

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிவிடும் என்னும் அச்சம், நன்கு படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. முதுமையில் பல் விழுவதும் கண்புரை படர்வதும் ஒரே காலத்தில் நேர்வதால், ஒன்றுக்கு மற்றொன்று காரணமென்று எண்ணிவிட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் காணும் என்பதும் பிழையே. பற்காறை ஈற்றை அரித்த பிறகுதான் பல் ஆடுகிறது.

எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. வேரடியில் சீழ் இருக்கையில், இரண்டு வேளை விழுங்கி வலி தணிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். சீழ் அப்படியே இருக்கிறது. வலி மாத்திரையை நாள்தோறும் தின்பதால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்துக்குச் சேதமும் நேர்கின்றன. இதை எத்தனை முறைதான் சொல்வது!

செலவு எவ்வளவு?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்ப்பதற்குக் கட்டணமில்லை, மருந்துக்கும் இல்லை. அம்மருந்துகளை 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தரத்தைச் சோதித்த பின்னரே அனுப்புகிறது. இனாமாகக் கிடைப்பதில் வீரியமிராது என்ற எண்ணத்துக்கு ஆதாரமேயில்லை. பல் மருத்துவர் எல்லா நிலையங்களிலும் இல்லை. உங்கள் ஊரில் இல்லாவிடில் வட்டார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ விசாரியுங்கள். வேர்ச் சிகிச்சை போன்றவை தேவைப்பட்டால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்போம். எதற்கும் 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

சிகிச்சைக்கு முன் நாங்கள் செய்யும் பரிசோதனை என்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், அவசியமானால் ஓர் எக்ஸ்ரே.

தயவுசெய்து வாருங்கள்

தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை சேர்ந்து கண்டால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். வீக்கம் கழுத்தில் இறங்கி மூச்சை அடைத்துவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். மற்றவர்களிடமும் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: இரவில் பல் துலக்காமல் குழந்தைகளைத் தூங்க வைக்காதீர்கள், பால்பல்தானே என்று சொத்தையை விட்டுவிடாதீர்கள், சர்க்கரை நோயாளிகள் ஈற்றில் இரத்தம் கசிந்தாலே வந்துவிடுங்கள். கையில் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பல் கூசும்போதே, காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே எங்களிடம் வாருங்கள்.