சனியின் நாடி: குறியை நம்புவது பற்றி

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையில் இயற்கையான உறவு ஏதும் கிடையாது, எல்லாம் மரபு செய்த ஏற்பாடு என்று சசூரைச் சாட்சிக்கு அழைத்துப் பேசுவது நம்மிடையே பழகிப்போன விஷயம். அப்படிப் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மொழிக்குச் சரி, புகைக்கு என்ன சொல்கிறீர்கள்? புகை இருந்தால் நெருப்பு இருக்கிறது என்பது பத்துப் பேர் கூடிப் பேசி ஏற்படுத்திய மரபா? இந்த வகைக் குறிகளைப் பியர்ஸ் தனியே பிரித்து வைத்தார். புகை, காலடித்தடம், நாடித்துடிப்பு: இங்கே குறியைக் குறிக்கப்படும் பொருளே உண்டாக்குகிறது. சொல் பொய் சொல்லலாம், நாடி பொய் சொல்லாது என்பது நம் எல்லோருடைய அடிமனதிலும் கிடக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை சனிக் கோளில் எப்படிப்பட்ட சோதனைக்கு உள்ளானது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. வானியல் எனக்குத் துறை அல்ல. ஆனால் இது வானியலுக்குள்ளேயே நடந்த ஒரு வாசிப்புப் பிரச்சினை.

சனியில் ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம்? கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். பூமியில் ஒரு மலையையோ பாறையையோ அடையாளம் வைத்துக்கொண்டு சுழற்சியை எண்ணிவிடலாம். சனிக்குத் தரை கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும் அடுக்கடுக்காகச் சுற்றும் பெரும் உருண்டை அது. கண்ணுக்குத் தெரிவது மேகம் மட்டும்தான், அதுவும் நடுக்கோட்டில் ஒரு வேகம், துருவத்தின் பக்கம் இன்னொரு வேகம். மேகத்தை வைத்து நாளைக் கணக்கிடுவது, ஆற்றில் மிதந்து போகிற சருகை வைத்து ஊரை அளப்பது போல.

ஆகவே உள்ளகத்தைத் தேடினார்கள். கோளின் ஆழத்தில், மின்சாரத்தைக் கடத்தும் திரவ ஹைட்ரஜனின் அசைவில் காந்தப்புலம் பிறக்கிறது. அந்தப் புலம் உள்ளகத்தோடு கட்டுண்டது. அதன் அச்சு, கோளின் சுழற்சி அச்சிலிருந்து சற்றுச் சாய்ந்திருந்தால், சுழலச் சுழலப் புலம் முழுவதும் தள்ளாடும். புலக் கோடுகளைச் சுற்றி எலெக்ட்ரான்கள் சுருளாகச் சுழன்றுகொண்டு துருவங்களை நோக்கி இறங்குகின்றன. துருவ ஒளி உண்டாகும் பகுதிக்கு மேலே, அவை சுழலும் அதே அதிர்வெண்ணில், ரேடியோ அலைகளாக ஆற்றல் வெளியேறுகிறது. நம் பூமியும் விண்வெளிக்கு இதேபோல் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. தள்ளாடும் புலம் இந்த அலையை ஒரு சுற்றுக்கு ஒருமுறை கூட்டிக் குறைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் உள்ளகத்தின் நாள் கிடைக்கும். மணிக்கட்டில் விரலை வைத்து உள்ளே இருக்கும் இதயத்தைப் படிப்பது மாதிரி.

வியாழனில் இந்த முறை பிரமாதமாக வேலை செய்தது. 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவரின் பதிவுத்தாளில், 22.2 மெகாஹெர்ட்ஸில், விட்டுவிட்டு ஓர் இரைச்சல் வந்தது. ஏதோ வண்டி எஞ்சினின் தீப்பொறித் தொந்தரவாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணியிருக்கிறார்கள். இரைச்சல் வானத்து விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்தது, வியாழன் இருந்த திசையிலிருந்து வந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது. இதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. இந்த அறிவிப்பைக் கேட்ட ஆஸ்திரேலியர் ஷேன், 1950-51இல் தாம் எடுத்து வைத்திருந்த பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் வியாழன் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த பிரதி. எழுத்து மாறவில்லை, வாசகன் மாறினான். அந்தப் பதிவுகளிலிருந்து வியாழனின் சுழற்சியையே அவர் கணித்துவிட்டார். இன்று அந்தக் கணக்கு 9 மணி 55 நிமிடம் 29.7 விநாடி என்று நொடியின் பின்னம் வரை நிற்கிறது. வியாழனின் காந்த அச்சு ஏறத்தாழ 10 டிகிரி சாய்ந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனியின் அலைகள் நீளமானவை, கிலோமீட்டர் கணக்கில். 100 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் அவை வலுவாக இருக்கின்றன. நம் அயனிமண்டலம் இவற்றைத் தரைக்கு விடாது. கேட்க வேண்டுமானால் வெளியே போயாக வேண்டும். போனது வாயேஜர். 1980 நவம்பரில் வாயேஜர் 1 சனியைக் கடந்தது, மறு ஆண்டு ஆகஸ்டில் வாயேஜர் 2. அலைகளின் ஏற்ற இறக்கத்தை எண்ணி டெஷ், கைசர் இருவரும் 1981இல் விடை சொன்னார்கள்: 10 மணி 39 நிமிடம் 24 விநாடி, ஏழு விநாடி முன்பின்னாக இருக்கலாம். எண் பாடப்புத்தகங்களில் ஏறிற்று. சனியின் காற்று வேகங்கள் எல்லாம் இந்த எண்ணை அசையாத தரையாக வைத்துக் கணக்கிடப்பட்டன.

ஆனால் பிரதிக்குள் ஒரு விரிசல் அன்றைக்கே இருந்தது. சனியின் காந்த அச்சு சுழற்சி அச்சோடு கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கிறது என்பதை 1979இல் பயனீர் 11 அளந்து காட்டிவிட்டது. சாய்வு ஒரு டிகிரிக்கும் குறைவு. சாய்வே இல்லாத புலம் ஏன் தள்ளாட வேண்டும்? தள்ளாட்டம் இல்லையென்றால் அலை ஏன் கூடிக் குறைய வேண்டும்? புலத்தில் எங்கோ ஓர் ஒழுங்கின்மை மறைந்திருக்கிறது, போகப்போகத் தெரியும் என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். அப்படி நினைக்கக் கோட்பாட்டுப் பின்பலமும் இருந்தது. முற்றிலும் அச்சுச் சமச்சீரான புலத்தை இம்மாதிரி உள்ளகம் தொடர்ந்து பேண முடியாது என்று கௌலிங் 1933இல் நிறுவியிருந்தார். அதனால் சாய்வு இருந்தே தீர வேண்டும்! கடைசியில், 2017இல் காசினி கோளுக்கும் வளையத்துக்கும் இடையில் புகுந்து அளந்தபோது, சாய்வு 0.01 டிகிரிக்கும் குறைவு என்று வந்தது. மறைந்திருந்த ஒழுங்கின்மை இன்னும் வெளியே வரவில்லை.

முதலில் இடறியது யுலிசிஸ். 1990களில் தொலைவிலிருந்து சனியைக் கேட்ட அந்த விண்கலம், ஏற்ற இறக்கத்தின் கால அளவு சுமார் ஒரு சதவீதம் வரை மாறுகிறது என்று காட்டியது. 2004இல் காசினி போய்ச் சேர்ந்தபோது சனியின் 'நாள்' 10 மணி 45 நிமிடம் 45 விநாடி ஆகியிருந்தது. ஆறு நிமிடம் கூடுதல். ஆறு நிமிடம்தானே என்று தோன்றலாம். நடுக்கோட்டில் சனி விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது; அதில் ஒரு சதவீதம் மாறினால் எல்லாக் காற்று வேகங்களும் மணிக்கு 350 கிலோமீட்டர் அளவுக்குத் தடம் புரளும். பூமியைப் போல 95 மடங்கு நிறையுள்ள ஒரு கோள் இருபத்து நான்கு ஆண்டுகளில் இவ்வளவு நிதானப்பட வழியே கிடையாது. அப்படியானால் துடித்தது நாடிதான், ஆனால் இதயத்தினுடையது அல்ல.

இதற்குப் பிறகு வந்தது இன்னும் விசித்திரம். வடக்கே ஒரு துடிப்பு, தெற்கே ஒரு துடிப்பு என்று இரண்டு இருப்பதை டொனால்ட் கர்னெட்டின் குழு 2009இல் வெளியிட்டது: வடக்கே சுமார் 10.6 மணி, தெற்கே சுமார் 10.8 மணி. ஒரே கோளுக்கு இரண்டு நாளா? 2009 ஆகஸ்டில் சூரியன் சனியின் நடுக்கோட்டைக் கடந்த பிறகு, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. உள்ளகத்துக்கு வசந்தமும் இலையுதிர்காலமும் தெரியாது. பருவத்துக்கு ஏற்ப மாறுகிற ஒன்று வெளியில்தான் இருக்க வேண்டும்.

என்செலாடஸ் நிலவிலிருந்து பீறிடும் நீராவி மின்னேற்றம் பெற்றுக் காந்தமண்டலத்தில் கலந்து அதன் சுழற்சியை இழுத்துப் பிடிக்கிறது என்று ஒரு விளக்கம். மேல்வளிமண்டலக் காற்றுகளே காரணம் என்று இன்னொன்று. பிந்தையதற்கு, ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியால் துருவ ஒளியைக் கவனித்தவர்கள் 2022இல் வலுவான சான்று தந்தார்கள். உள்ளகத்தின் குரல் என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தது பெருமளவு சனியின் வானிலை அறிக்கை!

இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர் ஒருவர் துள்ளிக் குதித்தார். "பார்த்தீரா, அறிவியலும் ஒரு கதையாடல்தானே ஐயா!" அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. வாயேஜரின் வாசிப்பைக் குலைத்தது இன்னொரு கோட்பாட்டாளரின் சாமர்த்தியம் அல்ல, அலைகள். யாருடைய விருப்பத்துக்கும் இணங்காமல் அவை மாறின. எதிர்த்துப் பேசுகிற பிரதி இது. அர்த்தம் ஒத்திப்போடப்படுகிறது என்று சொல்லிவிட்டு நாம் டீ குடிக்கப் போய்விடலாம், காசினி போகவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதே சமயம், கருவி காட்டியது எண், எண் என்றால் உண்மை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 10 மணி 39 நிமிடம் 24 விநாடி என்ற அளவில் பிழையே கிடையாது. 1980இல் அலை அப்படித்தான் துடித்தது. பிழை, அந்தத் துடிப்பு எதனுடையது என்ற அனுமானத்தில். வியாழனில் பலித்த இலக்கணத்தை சனிக்கும் அப்படியே போட்டார்கள்.

'சனியின் ஓசை' என்று பரவலாகப் புழங்கும் ஒலிப்பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. காசினி பதிவு செய்த 27 நிமிட அலைகளை 73 விநாடியாகச் சுருக்கி, நம் காதுக்கு எட்டும் அளவுக்கு அதிர்வெண்ணை இறக்கிச் செய்தது அது. ஊளையிடுவது போலிருக்கும், உடம்பு சிலிர்க்கும். ஓசை அங்கே இல்லை. மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு மூலத்தின் குரலைக் கேட்டதாக நினைக்கிறோம்.

சரி, சனியின் நாள்? 2019இல் மான்கோவிச்சும் உடனிருந்தவர்களும் ரேடியோவை விட்டுவிட்டு வளையங்களைப் படித்தார்கள். கோளின் உடம்பு மணி போல அதிர்கிறது, அந்த அதிர்வால் ஈர்ப்பு லேசாகக் கூடிக் குறைய, உள்வளையத்தில் அலைகள் எழுகின்றன. அவற்றிலிருந்து வந்த விடை 10 மணி 33 நிமிடம் 38 விநாடி, ஒன்றிரண்டு நிமிடம் அப்படி இப்படி. இதுவும் குறிதான். ஆனால் இது கோளின் உட்புற அதிர்விலிருந்தே கிளம்புவது.

யுரேனஸுக்கு வாயேஜர் 2 1986இல் சொன்ன கணக்கில், ஹப்பிள் தொலைநோக்கியின் துருவ ஒளிப் படங்களை வைத்து 2025இல் 28 விநாடி திருத்தினார்கள். அங்கே காந்த அச்சு ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்தது. தள்ளாட்டத்தைப் பற்றிச் சந்தேகமே எழவில்லை. நெப்டியூனின் ரேடியோவை 1989 ஆகஸ்டில் அதே விண்கலம் கடந்து போகும்போது கேட்டதோடு சரி. அதன்பின் அங்கே எந்த விண்கலமும் போகவில்லை.