இரண்டாம் அடமானமும் பின்வந்தவர் உரிமையும்



கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில், பட்டு நெசவாளருக்கு வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டும் அன்று. தறி இருக்கும் தொழிற்கூடமும் பெரும்பாலும் அதுவே. பட்டு நூலுக்கோ, சரிகைக்கோ, மகளின் மணத்துக்கோ பணம் வேண்டுமானால் அடமானம் வைப்பதும் அவ்வீட்டையே. ஒரு கடன் போதாவிடில், அதே வீட்டின்மேல் மற்றொருவரிடமும் கடன் பெறுவதுண்டு. இதுவே இரண்டாம் அடமானம்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவர் ஒருவர் நீதிமன்ற அழைப்பாணையோடு வந்தார். கணவரை இழந்த அவர் தாயார், தம் சேமிப்பைத் தெருக்காரர் ஒருவருக்குப் பதிவு செய்த அடமானப் பத்திரத்தின்பேரில் கொடுத்திருந்தார். அதே வீட்டின்மேல் முன்னரே கடன் கொடுத்திருந்தவர் இப்போது வழக்குத் தொடுத்து, அம்மையாரையும் எதிர்வாதியாகச் சேர்த்திருந்தார். “ஐயா, அம்மா கடன் கொடுத்தவர்தாமே! அவரை ஏன் எதிர்வாதி ஆக்கினார்கள்?” என்று அவர் கேட்டார். அதற்குரிய விடையே இன்றைய பேச்சு.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 48ஆம் பிரிவில் ஓர் எளிய விதியைக் கூறுகிறது: ஒரே சொத்தின்மேல் வெவ்வேறு காலங்களில் உரிமைகள் ஏற்பட்டால், முந்தியதே முதலிடம் பெறும். பின்வந்தவர் முந்தியவருக்கு அடுத்தே நிற்க வேண்டும்.

கடன் தீராதபோது முதல் அடமானக்காரர் செய்யக்கூடியது யாது? நிபந்தனைக் கிரயமாக எழுதப்பட்ட அடமானமாயின், கடனாளியின் மீட்புரிமையையே நீக்கித் தரும்படி நீதிமன்றத்தை வேண்டலாம். அவ்வாறு தீர்ப்பானால் சொத்து அவருக்கே சொந்தமாகிவிடும். ஏலமும் இல்லை, மிச்சப் பணமும் இல்லை. வழக்கில் சேர்க்கப்பட்டும் குறித்த காலத்துள் மீட்காத இரண்டாமவர், வீட்டின்மேல் தமக்கிருந்த பிடியை முற்றும் இழப்பார். சாதாரண அடமானத்திலோ, சொத்தை விற்றுப் பணம் பெறும் உரிமை மட்டுமே உண்டு. அம்மையார் எதிர்கொண்டது இந்த இரண்டாவது வகை வழக்காகும்.

ஏலத்தொகை எவ்வாறு பங்கிடப்படுகிறது? முதலில் விற்பனைச் செலவு, அடுத்து முதல் கடன், பின்னரே இரண்டாம் கடன். எஞ்சியது சொத்துக்காரருக்கு. அம்மையாருக்கு வரவேண்டியது வட்டியுடன் 2,00,000 ரூபாய், முதல் கடன் 6,00,000, செலவு 20,000. வீடு 10,00,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், அவர் கடன் முழுதும் தீர்ந்து, வீட்டுக்காரருக்கும் 1,80,000 மிஞ்சியிருக்கும். ஆனால் 7,00,000க்கே ஏலம் போயிற்று. அம்மையாருக்குக் கிடைத்தது 80,000 மட்டுமே. எஞ்சிய 1,20,000 ரூபாய்க் கடன் அழிந்துவிடவில்லை. ஆயினும் அதற்கு ஈடாக இருந்த வீடு கைவிட்டுப் போயிற்று. இனிக் கடனாளியின் சொந்தப் பொறுப்பைக் காட்டி, காலவரம்புக்குள் அவர்மீது தீர்ப்புப் பெற வேண்டும். வீட்டையும் இழந்த நெசவாளரிடம் எதைப் பெறுவது?

இனி அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 34ஆம் கட்டளையில், மீட்புரிமை உள்ள அனைவரையும் அடமான வழக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆதலால் அந்த அழைப்பாணை குற்றச்சாட்டு அன்று. உம் உரிமையைக் காத்துக்கொள்ள வாரும் என்னும் அழைப்பே. இரண்டாமவரைச் சேர்க்காமல் தீர்ப்புப் பெற்றால், அத்தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் மீட்புரிமை நிலைத்திருக்கும். அழைப்பாணையைப் பெற்றும் வாளாவிருப்பவரோ தம் உரிமையைத் தாமே இழப்பவர் ஆவார்.

அவ்வுரிமை யாது? சொத்து மாற்றுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, இரண்டாமவர் முதல் கடனைத் தாமே தீர்த்துச் சொத்தை மீட்கலாம். முழுவதும் தீர்த்தால், 1929இல் சேர்க்கப்பட்ட 92ஆம் பிரிவு அவரை முதலாமவரின் இடத்திலேயே அமர்த்துகிறது. அப்போது எப்பொழுது விற்பது என்பது அவர் கையில் இருக்கும். குறைந்த விலைக்கு ஏலம் போவதைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு 6,00,000 ரூபாய் வேண்டும். அம்மையாரிடம் அஃது இல்லை. உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்தும் பொருள் இல்லாமையே பின்வந்தவரின் பெருந்துன்பம்.

முதல் கடன் வங்கியுடையதாயின் மேலும் விழிப்பு வேண்டும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்படி, வங்கி நீதிமன்றத்தில் வழக்காடாமலே, கடனாளிக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். தன் பாக்கி போக மிஞ்சியதை உரிமையுடையோருக்குக் கொடுத்தல் வேண்டும். கைப்பற்றிய செய்தியை நாளிதழ்களில் அறிவிக்கவும் வேண்டும். அழைப்பாணை வரட்டும் என்று காத்திருப்பவர், ஏலம் முடிந்த பின்னரே செய்தி அறிய நேரலாம்.

ஆகவே கடன் கொடுக்குமுன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் பெறுக. மூலப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டு, கண்ணால் பார்த்திடுக. பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடனுக்கு அடமானப் பத்திரம் எழுதுவது இன்றியமையாததன்று என்பதை மறவாதீர். இறுதியாக, வீட்டின் விலையை மட்டும் பார்க்காமல், முன்கடனும் அதன்மேல் ஏறும் வட்டியும் போக என்ன மிஞ்சும் என்று கணக்கிடுக.

அம்மையார் வீட்டின் விலையைப் பார்த்தார், வில்லங்கம் பார்க்கவில்லை. அண்டை வீட்டாரிடம் சான்றிதழ் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினாராம். அவ்வாறு எண்ணுவது பிழை. கேட்டிருந்தால் அவர் பணமும் தப்பியிருக்கும்; இரு குடும்பங்களுக்கிடையே இருந்த நட்பும் கெட்டிருக்காது. நாளை உங்கள் பெற்றோர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடும்போது, அருகிலிருந்து அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களே.