வெந்நீர் தரும் விறகடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

விழுப்புரம், திண்டிவனம் தாலூகாக்களில் இன்று எரிவாயு அடுப்பு இல்லாத வீடு அரிது. மாநில அரசின் இலவச அடுப்புத் திட்டத்தாலும், 2016-ம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தாலும் எளிய குடும்பங்களுக்கும் அது கிட்டியுள்ளது. ஆயினும் விடியற்காலையில் கிராமத் தெருக்களில் நடப்போர் கூரைகளின்மீது புகை படர்ந்திருப்பதைக் காணலாம். இதற்குக் காரணம் சமையலன்று; வெந்நீரேயாகும். சோறும் குழம்பும் எரிவாயுவில் ஆகிவிட்டாலும், குடும்பம் முழுமைக்கும் குளிக்க வேண்டிய நீரைச் சிலிண்டரில் காய்ச்சப் பலர் மனம் ஒப்புவதில்லை. தோட்டத்து மிலாரும் பனைமட்டையும் விலையின்றிக் கிடைக்கும்போது, கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றுவதே வழக்கமாக உள்ளது. பிள்ளை பெற்ற வீட்டிலும், முதியோர் உள்ள வீட்டிலும், மழைக்காலத்திலும் இவ்வடுப்பு நாள்தோறும் எரிகின்றது. ஆகவே புகையை ஒழிக்க விரும்பும் குடும்பம் முதலில் சீர்செய்ய வேண்டுவது வெந்நீர் அடுப்பேயாகும்.

புகை என்பது யாது?

புகை என்பது எரியாமல் தப்பிய விறகேயன்றி வேறன்று. விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகின்றது. பின்னர் விறகிலிருந்து எரியத்தக்க வாயுக்கள் வெளிப்படுகின்றன. இவ்வாயுக்கள் போதிய சூடும், போதிய காற்றும், இரண்டும் கலந்து எரியப் போதிய இடமும் பெற்றால் சுவாலையாக எரிந்து தீரும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவை கரியும் தாருமாக வெளியேறிக் கண்ணையும் நெஞ்சையும் வருத்தும். எனவே புகையுள்ள அடுப்பு உடலுக்குத் தீங்கானது என்பது மட்டுமன்று. விறகைத் திருடும் அடுப்பும் அதுவே.

வெந்நீருக்கு எவ்வளவு விறகு வேண்டும்?

ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 30 டிகிரியில் உள்ள 40 லிட்டர் நீரைக் குளிப்பதற்கேற்ற 45 டிகிரிக்குக் கொணர 600 கிலோ கலோரி போதும். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறக்குறைய 3,600 கிலோ கலோரி வெப்பத்தைத் தரும். கணக்கின்படி ஒரு கிலோவில் ஆறிலொரு பங்கு விறகே இதற்குப் போதுமானதாகும். ஆனால் மூன்று கல் அடுப்பில் எழும் வெப்பத்தில் நூற்றுக்குச் சுமார் 10 பங்கே பாத்திரத்தைச் சேர்கின்றது. எஞ்சியது காற்றோடு போகின்றது. ஆகவே அதற்கு 1.7 கிலோ விறகு செலவாகின்றது. நூற்றுக்கு 25 பங்கு வெப்பத்தை நீருக்குச் சேர்க்கும் அடுப்பில் இவ்வேலைக்கு 700 கிராம் போதும். நாளொன்றுக்கு ஒரு கிலோ மிச்சமானால் ஆண்டுக்கு 365 கிலோ விறகு மிச்சமாகும். அவ்வளவு விறகின் புகையும் வீட்டுக்குள் புகாது.

நீர்ப் பாத்திரம் இருக்க வேண்டிய இடம்

அடுப்பைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். தீயைச் சுற்றிலும் தண்ணீர் இருந்தால் வெப்பம் சிறிதும் வீணாகாது என்று எண்ணி, தீயறையின் சுவரையே நீர்த்தொட்டியாகச் செய்த அடுப்புகளைச் சிலர் விரும்புகின்றனர். இஃது அனுகூலமாகத் தோன்றினும் உண்மையில் பிரதிகூலமேயாகும். நீர் எவ்வளவு காய்ந்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. அச்சுவர்மீது படும் சுவாலை, எரிந்து முடியுமுன்னரே குளிர்ந்துவிடுகின்றது, புகை மிகுகின்றது, குளிர்ந்த தகட்டின்மீது தார் படிகின்றது. நல்ல அடுப்பில் தீயறை செங்கல்லாலோ களிமண்ணாலோ அமைந்து, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். சுவாலை எரிந்து முடிந்த பின்னர், வெளியேறும் சூடான காற்றின் வழியிலேயே நீர்ப் பாத்திரம் இருத்தல் வேண்டும். தீயை முதலில் எரியவிட்டு அதன் பிறகே வெப்பத்தைக் கவர வேண்டும் என்பதே இவ்விஷயத்தில் நினைவிற்கொள்ள வேண்டிய விதி.

இவ்விதி நம்மவர்க்குப் புதிதன்று. பழைய வீடுகளிலுள்ள கொடியடுப்பு இதற்கு நல்ல உதாரணம். விறகு தாயடுப்பில் எரிய, மிஞ்சிய அனல் துவாரத்தின் வழியே கொடியடுப்புக்குச் சென்று அங்குள்ள பாத்திரத்தைக் காய்ச்சுகின்றது. தாயடுப்பில் சமைக்கும்போதே கொடியடுப்பில் வெந்நீர்த் தவலையை ஏற்றிவைக்கும் பழக்கம் சிக்கனத்தில் பிறந்தது. இவ்வமைப்பிற்கு இருந்த குறை புகைபோக்கி இல்லாமையே. கொடியடுப்புக்கு அப்பால் ஒரு புகைபோக்கியைச் சேர்த்து, தீயறையில் காற்றுப் புகக் கம்பித் தட்டு ஒன்றை இட்டால் அது திருந்திய அடுப்பாகிவிடும்.

நடுவில் குழாயும் சுற்றிலும் நீரும் உள்ள செம்புப் பாய்லரும் பல வீடுகளில் வழங்குகின்றது. இதில் கரி இட்டால் புகை குறைவு. நேராக விறகை இட்டால், குழாய்ச் சுவர் குளிர்ந்திருக்கும் முதற் கால் மணி நேரம் புகை மிகும். பாய்லரைத் தனியே தரையில் வையாமல், ஒரு சாண் உயரச் செங்கல் தீயறையின்மீது அமர்த்தி, சுவாலை அவ்வறையிலேயே எரிந்து முடிந்து அனல் மாத்திரம் குழாயினுள் ஏறுமாறு செய்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

முன்னோர் முயற்சிகளும் அவற்றின் பாடமும்

புகையற்ற அடுப்புக்கான முயற்சி இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகின்றது. வார்தாவிலுள்ள மகன்வாடியில் கிராமக் கைத்தொழிலை வளர்க்க முனைந்தோர் 1940-களில் மகன் சூலா என்னும் அடுப்பை உருவாக்கினர். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பைப் பற்றி 1953-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1980-களில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அஸ்த்ரா பிரிவினர் மூன்று பாத்திரம் ஏற்றும் அடுப்பைக் கர்நாடகக் கிராமங்களில் பரப்பினர். மத்திய அரசு 1983-ல் தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்து, நாடெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை நிறுவியது.

அவற்றுட் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைபட்டது, மண் வெடித்தது, வீட்டுப் பாத்திரத்துக்கு அடுப்பின் வாய் பொருந்தவில்லை, பழுதானபோது சரிசெய்வார் இல்லை. ஆராய்ச்சிச் சாலையில் நன்றாக எரிந்த அடுப்பு, நாள்தோறும் துடைத்துப் பேணப்படாவிடில் வீட்டில் நன்றாக எரியாது என்பதே இதனால் விளங்கும் பாடம்.

இப்பகுதியிலேயே நடந்த சோதனை

குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 2018-ம் ஆண்டு முதல் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஹாப்பின் என்னும் பெரிய சோதனை நடைபெற்றது. இந்தியாவில் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை நாகப்பட்டினம் ஜில்லாவும், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்னிருந்த விழுப்புரம் ஜில்லாவுமாகும். இங்குச் சோதனையை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிலையம். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளிக்கப்பட்டன. ஏனையோர் விறகு முதலியவற்றாலேயே சமைத்து வந்தனர். நான்கு நாடுகளையும் சேர்த்து நோக்கியபோது, விறகால் சமைத்தோர் சுவாசித்த நுண்துகள் கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 71 மைக்ரோகிராமாகவும், எரிவாயுவால் சமைத்தோருக்குச் சுமார் 24 மைக்ரோகிராமாகவும் இருந்தது.

ஆனால் 2022-ல் வெளியான முடிவின்படி, இருவகைக் குழந்தைகளின் பிறப்பு எடையில் திட்டமான வேறுபாடு காணப்படவில்லை. எனவே அடுப்பை மாற்றிய மாத்திரத்தில் எல்லா நோயும் அகலும் என்று கூறுவதற்கில்லை. எனினும் பல்லாண்டுகள் புகையைச் சுவாசிப்போருக்கு நாட்பட்ட நுரையீரல் நோயும் கண்புரையும் மிகுதி என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. புகையை மூன்றிலொரு பங்காக்க முடியும்போது அதை அசட்டை செய்தல் தகாது. எரிவாயு உள்ள வீட்டார் சமையலை அதிலேயே வைத்துக்கொண்டு, வெந்நீருக்கு மட்டும் திருந்திய விறகடுப்பை வீட்டிற்கு வெளியே அமைப்பது உத்தமம். மொட்டை மாடியும் வசதியும் உள்ளோர் சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவியை வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மட்டும் விறகடுப்பை நாடலாம்.

இப்பகுதி விறகுகளின் தன்மை

சவுக்கு விறகு கனமானது, சாம்பல் குறைவு, சீராக எரியும். மரம் கம்பத்துக்கும் காகித ஆலைக்கும் விலையாகும்போது, எஞ்சும் மிலாரே வீட்டுக்குப் போதும். வேலிகாத்தான் விறகும் மிகுந்த சூடு தருவது. எவ்விறகாயினும் பிளந்து, மாசி முதல் வைகாசி வரை வெயிலில் உலர்த்தி, மழைக்கு முன் கூரையடியில் அடுக்கிவைத்தல் வேண்டும். வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கும். அதே எடையுள்ள உலர்ந்த விறகின் வெப்பத்தில் பாதியளவே அதினின்றும் கிட்டும்.

திண்டிவனம் பக்கத்தில் மிகுதியாகக் கிடைக்கும் நிலக்கடலைத் தோல் சாதாரண அடுப்பில் காற்றை அடைத்துப் புகையும். உமி அடுப்பைப் போன்ற தனி அமைப்பு அதற்கு வேண்டும். முந்திரிக்கொட்டை ஓட்டில் அரிக்கும் தன்மையுள்ள எண்ணெய் இருப்பதால் அதன் புகை கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. அதை வீட்டு அடுப்பில் இடலாகாது. பிளாஸ்டிக்கு உறைகளைத் தீமூட்டவும் உபயோகிக்கலாகாது.

வரட்டியைப் பற்றியும் கூறவேண்டும். உலர்ந்த சாணம் 100 கிலோவில் சுமார் ஒன்றரைக் கிலோ தழைச்சத்து உண்டு. இது மூன்று கிலோவுக்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். அடுப்பில் எரிக்கும்போது இச்சத்து முழுதும் காற்றிற் போய்விடும். சாம்பலில் எஞ்சுவது சாம்பற்சத்து முதலியவையே. விறகைச் சிக்கனமாக எரிக்கும் அடுப்பால் வரட்டியின் தேவை குறைந்து, சாணம் எருக்குழியைச் சேரும். அதன் பயன் வயலில் தெரியும்.

வாங்கும்போது செய்யத்தக்க பரீட்சை

அடுப்பின் தோற்றத்தையோ விற்போர் சொல்லையோ நம்பாமல் விவசாயிகள் தாமே பரீட்சித்துப் பார்க்கலாம். உலர்ந்த விறகு இரண்டு கிலோவை நிறுத்து எடுத்துக்கொள்க. மூடியுள்ள பாத்திரத்தில் 10 லிட்டர் நீரை வைத்துக் கொதிக்கும்வரை எரித்து, எஞ்சிய விறகை நிறுத்துப் பார்க்க. ஒரு கிலோவுக்குள் செலவாகியிருப்பின் அடுப்பு நன்று. இரண்டு கிலோவும் செலவாயின் அது மூன்று கல் அடுப்பினும் மேலானதன்று. தீ மூட்டிப் பத்து நிமிஷத்துக்குப் பின்னும் புகைபோக்கியின் வாயில் கரும்புகை தோன்றினால் அவ்வடுப்பைத் தள்ளிவிடுக. தகர அடுப்பு வாங்குவோர் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152 முத்திரை உண்டா என்று பார்த்தல் நலம். 2013-ல் திருத்திய அத்தரப்படி, இயற்கைக் காற்றோட்டத்தால் எரியும் அடுப்பு நூற்றுக்கு 25 பங்கும், விசிறி வைத்த அடுப்பு 35 பங்கும் வெப்பத்தைப் பாத்திரத்துக்குச் சேர்த்தல் வேண்டும்.

நீர்ப் பாத்திரத்துக்குச் செம்பு சிறந்தது, விலை மிகுதி. மரக்காணம் முதலிய கடலோர ஊர்களின் உப்பு நீர் இரும்பையும் அலுமினியத்தையும் விரைவில் அரித்துவிடும். பாத்திரத்தின் உட்புறம் படியும் உப்புப் பற்றை அவ்வப்போது புளியிட்டுத் தேய்த்து நீக்காவிடில் வெப்பம் நீரைச் சேராது.

அமைப்பும் எச்சரிக்கையும்

புகைபோக்கி கூரைக்குமேல் இரண்டடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். கீற்றுக் கூரையின் ஊடே அதைச் செலுத்தலாகாது. சுவரின் புறத்தே கொண்டுசென்று கூரையினின்றும் விலக்கி நிறுத்துக. சுட்ட மண் குழாயோ தகரக் குழாயோ ஏற்றது. கல்நார்க் குழாயின் தூசி நுரையீரலுக்குக் கேடு ஆதலால் அதை விலக்குக. மாதம் ஒருமுறை புகைபோக்கியைத் துடைத்தல் வேண்டும்.

நீர்த்தொட்டியை ஒருபோதும் காற்றுப் புகாமல் இறுக மூடலாகாது. ஆவி போக வழியின்றேல் அது வெடித்து உயிர்ச்சேதம் விளைக்கும். நீரில்லாமல் தீ மூட்டுதலும் கூடாது. விறகோ கரியோ எரியும் பாய்லரைக் கதவடைத்த குளியலறைக்குள் வைத்தால், மணமில்லாத நச்சு வாயு சேர்ந்து குளிப்போரை மயக்கிக் கொல்லும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வெந்நீர்க் குழாய் இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊருக்கு ஒரு கொத்தனாரையேனும் இவ்வடுப்பு கட்டவும் பழுது பார்க்கவும் பழக்குவித்தால், முன் திட்டங்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேராது. நல்ல தீயறை, அதற்கப்பால் நீர்ப் பாத்திரம், அதற்கப்பால் துடைத்த புகைபோக்கி என்னும் இம்மூன்றும் முறையே அமைந்த அடுப்பை ஐப்பசி மழைக்கு முன்னரே கட்டி முடித்தல் நலம்.