ரசமட்டமும் ஐந்தாம் சக்கரமும்

ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, டோம்பிவிலியில் இருப்பவன் நான். 2023-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸ் நகருக்கு அருகில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போய் மூன்று மாதங்கள் தங்கி வந்தோம். அமெரிக்கா போய் வந்த நம் அங்கத்தினர்கள் பலர் நயாகராவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு வண்டியைப் பற்றி எழுத விரும்புகிறேன். இந்த நாளில் நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். யாருக்காவது பயன்படலாம்.

அங்கே சக்கரம் வைத்த வீடுகள் உண்டு. படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும். அவற்றில் ஒரு வகைக்கு 'ஃபிஃப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்று பெயர். சாதாரண ட்ரெய்லரை இழுக்கும் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். இதை அப்படியல்லாமல், பிக்கப் லாரியின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே பொருத்திய ஒரு தட்டில் உட்கார வைப்பார்கள். ட்ரெய்லரின் முன்பகுதியிலிருந்து தொங்கும் கிங்பின் என்ற இரண்டு அங்குல விட்டமுள்ள இரும்பு முளை அந்தத் தட்டில் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவசத்தில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேற்பட்டது என்பதால் அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர் வந்தது. நம் ஊர்க் கன்டெய்னர் லாரிகளிலும் இதே ஏற்பாடுதான்.

மாப்பிள்ளை இப்படி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். சாமான்களோடு எடை சுமார் 10,000 பவுண்டு. விடுமுறையில் எங்களையும் பேரப்பிள்ளைகளையும் நியூ மெக்ஸிகோவில் உள்ள கார்ல்ஸ்பாட் குகைகளுக்கு அழைத்துப் போவதாகத் திட்டம். போகும் வழி மட்டுமே 450 மைலுக்கு அதிகம். அதற்கு முன் ஒத்திகையாக 30 மைல் தூரத்திலிருந்த ஓர் ஏரிக்கு ஒருநாள் போனோம்.

ஏரிக்கரையில் இறங்கி எட்ட நின்று பார்த்தேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து இருந்தது. "நம்ம பிக்கப் ஃபோர் வீல் டிரைவ், உயரம் ஜாஸ்தி மாமா. இங்கே நிறைய பேர் இப்படித்தான் ஓட்டறாங்க" என்றார் மாப்பிள்ளை. பழக்க தோஷத்தில் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். முன் அச்சின் டயர்கள் வெதுவெதுப்பாக இருந்தன. பின் அச்சின் டயர்களில் கையை வைத்திருக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் அதே கதைதான். காலையில் நான்கிலும் காற்றைச் சரிபார்த்துத்தான் கிளம்பியிருந்தோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "மாப்பிள்ளை ஆசையா வாங்கின வண்டி. போன இடத்தில் குறை சொல்லாதீங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் 1978-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அகல ரயில் பாதையில் பெட்டியின் பஃபர் உயரம் தண்டவாளத்திலிருந்து காலியாக இருக்கும்போது 1105 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; பாரம் ஏற்றியபின் 1030-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஒரு பெட்டி உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் இருந்தால் பஃபர் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும் அபாயம் உண்டு. சக்கரம் தேயத் தேயப் பெட்டி தாழும். ஸ்பிரிங்குக்கு அடியில் வளையங்கள் வைத்து உயரத்தை மீட்போம். ஒருநாள் நான் அளக்காமலே, கண்ணால் பார்த்து, பதிவேட்டில் எண்ணை எழுதிவிட்டேன். எங்கள் சார்ஜ்மேன் அந்தப் பக்கத்தை என் கண்ணெதிரே கிழித்துப் போட்டு, "இதில் பிரயாணம் செய்யப்போகிறவன் உன் கண்ணை நம்பி ஏறவில்லை, ஸ்கேலை நம்பி ஏறுகிறான்" என்றார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லி, "ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

மூக்கு தூக்கினால் என்ன கெடுதல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ட்ரெய்லருக்கு அருகருகே இரண்டு அச்சுகள். பட்டை ஸ்பிரிங் வைத்த ட்ரெய்லர்களில் இரண்டு அச்சுக்கும் நடுவே ஆடும் இரும்புத் துண்டு ஒன்று இருந்து, பாரத்தை ஓரளவு பங்கிட்டுக் கொடுக்கும். இதிலோ ரப்பர் அச்சு. சதுரக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் நசுங்கிப் பாரத்தைத் தாங்கும். ஓர் அச்சுக்கும் மற்றதற்கும் தொடர்பே கிடையாது. ஆகவே வண்டி பின்னால் சாய்ந்தால் பின் அச்சு அதிகமாகச் சுமக்கும், முன் அச்சு சும்மா வரும். அதிகம் சுமக்கும் டயர் சூடேறும். டெக்ஸாஸ் வெயிலில் அது வெடிக்கவும் கூடும். பிரேக் போடும்போது பாரமில்லாத முன் சக்கரங்கள் பிடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டு போகும்.

அளந்த முறை இதுதான். பயணத்துக்கு ஏற்றுவதுபோல் தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி, காற்றைச் சரிபார்த்து, ஒரு சமதளமான மைதானத்தில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தினோம். அதன் முன்கால்களை ஏற்றி இறக்கி, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சேஸிஸ் சட்டத்தின்மேல் வைத்து மட்டம் செய்தோம். வீட்டின் தரை தொய்ந்திருக்கலாம், ஆகவே சட்டத்தில்தான் பார்க்கவேண்டும். அப்போது தரையிலிருந்து கிங்பின் தட்டு 45 அங்குலம். பிக்கப்பில் உள்ள தட்டின் உயரம் 52½ அங்குலம்.

ஏழரை அங்குல வித்தியாசம் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. ஃபிஃப்த் வீல் தன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின்மேல் சாய்க்கும். இதில் சுமார் 2,000 பவுண்டு. பூட்டுவதற்கு முன் தொட்டியின் பக்கச்சுவர் உயரம் 60 அங்குலம், பூட்டியபின் 57½. பாரத்தில் பிக்கப் இரண்டரை அங்குலம் அமிழ்கிறது. எனவே தட்டின் உண்மையான உயரம் 50. மூக்கு தூக்கல் 5 அங்குலம்.

ஐந்து அங்குலம் சிறிது என்று தோன்றும். கிங்பின்னிலிருந்து அச்சுகளின் மையம் வரை 240 அங்குலம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 34 அங்குலம். கணக்குப் போட்டால், முன் அச்சின் இடத்தைவிடப் பின் அச்சின் இடத்தில் சட்டம் முக்கால் அங்குலம் போலத் தாழ்ந்திருக்கிறது. மொத்தமே சில அங்குலம்தான் அசையும் ரப்பர் அச்சுக்கு அது பெரிய வித்தியாசம்.

"அப்போ தட்டை இறக்கிடலாம் மாமா, செலவே இல்லை" என்றார் மாப்பிள்ளை. தட்டை இறக்கத் துளைகள் உண்டு. கிங்பின் தொங்கும் பெட்டியை மேலேற்றவும் துளைகள் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஐந்து அங்குலம் கிடைத்துவிடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ட்ரெய்லரின் முன்பகுதி பிக்கப்பின் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடிப்பாகத்துக்கும் பக்கச்சுவருக்கும் குறைந்தது ஆறு அங்குல இடைவெளி வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. பெட்ரோல் பங்கின் சரிவில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் இரண்டு வண்டிகளும் ஒன்றை நோக்கி ஒன்று மடங்கும். எங்களுக்கு இருந்தது எட்டரை அங்குலம். ஐந்தும் இறக்கினால் மூன்றரைதான் மிஞ்சும். எந்தத் துளையில் போல்ட் போட்டாலும், ட்ரெய்லரை உயர்த்தாமல் மட்டம் செய்தால் அந்த மூன்றரை மாறாது. முதல் சரிவிலேயே ட்ரெய்லர் தொட்டியில் இடிக்கும்.

மாறாக, ட்ரெய்லரையே ஐந்து அங்குலம் உயர்த்தினால் வண்டியின் பாரமையம் மேலே போகும்; காற்றில் ஆட்டம் கூடும். ஆகவே பங்கிட்டோம். தட்டை இரண்டு அங்குலம் இறக்குவது, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று அங்குலச் சதுர இரும்புக் குழாய் வைத்து ட்ரெய்லரை உயர்த்துவது. இடைவெளி ஆறரை அங்குலம் நிற்கும். நாங்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

தட்டை நாங்களே இறக்கினோம். குழாய் வைப்பது பட்டறை வேலை. ஒரு வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. பயணம் தள்ளிப்போனதில் பேரன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மகளும் முகம் சுளித்தாள். தேவையில்லாமல் மூக்கை நுழைத்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது.

பட்டறையில் சக்கரங்களைக் கழற்றியபோது, பின் அச்சின் இடப்பக்க டயரில், வெளியே தெரியாத உட்புறத்தில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. டயரின் உள்பட்டைகள் பிரிய ஆரம்பித்ததன் அடையாளம் அது. டயரும் பழையது, ஆகவே சாய்வினால்தான் இது வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மாப்பிள்ளை அதைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நான்கு டயர்களையும் புதிதாகப் போடச் சொன்னார்.

அடுத்த வாரம் கிளம்பினோம். 50 மைல் போனதும் நிறுத்தி, சக்கரத்தின் நட்டுகளையும் புதுப் போல்ட்டுகளையும் அவர் மறுபடி முறுக்கிச் சரிபார்த்தார். நான்கு டயர்களிலும் கை வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே சூடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முகாமில் நிறுத்தியபின் ட்ரெய்லரை மட்டம் செய்வது வேறு வேலை. அது உள்ளே இருப்பவர்கள் வசதிக்கும், கேஸில் ஓடும் குளிர்பெட்டி கெடாமல் இருப்பதற்கும். அது சரியாக இருந்தால் ஓட்டத்திலும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. பிக்கப்பை மாற்றினாலும், வேறு அளவு டயர் போட்டாலும், மறுபடி அளக்கவேண்டும்.

ஊருக்குத் திரும்பும் நாளன்று மாப்பிள்ளை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். தேதி போட்டு, தட்டின் உயரம், இடைவெளி, நான்கு டயரின் காற்று என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். "எல்லாம் அளந்து எழுதினதுதான் மாமா" என்றார். எங்கள் சார்ஜ்மேன் இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கமாட்டார்.