பட்டியலில் இல்லாத ஐ5

'இந்த பிசியில் விண்டோஸ் 11 ஓடாது' என்ற அறிவிப்பைப் பார்த்ததும், புது லேப்டாப் என்ன விலை என்று கேட்டபடிதான் பலர் என் சர்வீஸ் கடைக்குள் நுழைகிறார்கள். விலை சொல்வதற்கு முன் மெஷினை ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. அதனால் மெஷின் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கிற அப்டேட்தான் வராது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் மட்டும் போதாது. டிபிஎம் 2.0 வேண்டும், டிஸ்க்கைப் பூட்டும் சாவி போன்றவற்றைத் தனியே காப்பாற்றி வைக்கும் பாதுகாப்புப் பகுதி அது. பிராசஸரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும்: இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல்.

டிபிஎம் இல்லை என்று வரும் மெஷின்களில் பலவற்றில் அது உள்ளேயே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். 8-ஆம் தலைமுறை ஐ3. போர்டையே மாற்றணும் என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்களாம். பயாஸுக்குள் போனால் 'இன்டெல் பிடிடி' என்ற வரி, அதாவது டிபிஎம், டிசேபிள் ஆகியிருந்தது. பூட் முறையும் பழைய லெகசி; விண்டோஸ் 11-க்கு வேண்டியது யுஇஎஃப்ஐ. அதை அப்படியே யுஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் ஏறாது. ஏனென்றால் டிஸ்க் பழைய எம்பிஆர் அமைப்பில் இருந்தது. பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தேன். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றினேன். பிறகுதான் பயாஸில் கை வைத்தேன்.

"அவ்வளவுதானா தம்பி?"

"அவ்வளவுதான் டீச்சர். போர்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

டிபிஎம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்தி, டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று அடித்தால் பதிப்பு எண் தெரியும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் மட்டும், ரெக்கவரி கீயைக் குறித்துக்கொள்ளாமல் பயாஸைத் தொடவே கூடாது.

எனக்கு மனசு ஆறாதது ஐ5-7200யு லேப்டாப்களின் விஷயத்தில்தான். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போட்டால் இன்றைக்கும் சுறுசுறுப்பாக ஓடும். டிபிஎம் 2.0-கூட இருக்கும். ஆனால் 7-ஆம் தலைமுறை என்பதால் பட்டியலில் இல்லை. 2017-இல் அறிமுகமான ஐ5-8250யு இருந்தால் உள்ளே, அதற்கு ஒரு வருடம் முந்தியது என்றால் வெளியே. தகுதியில்லாத மெஷின்களில் கெர்னல் கோளாறுகள் 52% அதிகம் என்று 2021-இல் மைக்ரோசாஃப்ட் காரணம் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 7-ஆம் தலைமுறையின் ஐ7-7820எச்க்யூ பட்டியலில் இடம்பிடித்தது; மைக்ரோசாஃப்டின் சொந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருப்பது அந்தச் சிப்தான். விதிவிலக்கு கொடுக்க முடியும் என்று இதிலேயே தெரிகிறதே!

இப்படிப்பட்ட மெஷினை வைத்திருப்பவர்களிடம், அது பில்லிங் போடும் மெஷினா என்றுதான் முதலில் கேட்பேன். ஏனென்றால் பில்லிங்குக்கான டாலி மென்பொருள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் நேரடியாக ஓடாது. தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டிப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. கடைக்காரர் அதற்குள் பணம் சேர்த்துப் புது மெஷின் வாங்குவது நல்லது. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் நான் அதைச் செய்துதர மாட்டேன்.

பிரவுசர், யூடியூப், கடிதம் அடிப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுகிறேன்; வைஃபை, பிரிண்டர், சவுண்ட் மூன்றும் சரியாக வேலை செய்தால்தான் டிஸ்க்கில் ஏற்றுவேன்.